கணினியின் மேசையைக் காலி செய்வோம்

மாலை ஐந்து மணி. பினாங்கு, ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி, மறுநாள் ஒப்படைக்க வேண்டிய வரலாற்று இடுபணியை முடிப்பதற்காக மடிக்கணினியைத் திறக்கிறாள். அது அவளுடைய அண்ணன் பயன்படுத்தியது. வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்துவிட்டு வருகிறாள். திரையில் சிறு வட்டம் இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது. ஒருவழியாக ஆவணம் திறந்த பிறகும், அவள் தட்டும் எழுத்துகள் உடனே தோன்றுவதில்லை. ஒரு சொல்லைத் தட்டி முடித்து, சற்றுக் காத்திருந்த பின்னரே அது திரையில் தெரிகிறது.

“அப்பா, இந்தக் கணினி ஒன்றுக்கும் உதவாது. புதியது வாங்கலாமா?”

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பா, காலணியை மாட்டியபடியே, “ஆண்டு இறுதியில் போனஸ் வரட்டும்மா, பார்க்கலாம்” என்கிறார்.

இத்தகைய உரையாடல் பல வீடுகளில் நடப்பதுதான். 2020 மார்ச் 18ஆம் நாள் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, பள்ளிப் பாடம் வீட்டுக்குள் வந்தது. அவ்வாண்டு கல்வி அமைச்சு பெற்றோரிடம் நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை எனத் தெரியவந்தது. அண்ணன் விட்டுச் சென்றது, உறவினர் கொடுத்தது, கடையில் மலிவாகக் கிடைத்தது எனப் பழைய கணினியே பலருக்குக் கைகொடுக்கிறது. ஆகவே, அக்கணினியை ஒதுக்கிவைக்கும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அது உண்மையிலேயே பழுதடைந்துவிட்டதா? அல்லது அதன்மேல் தேவையற்ற சுமை ஏறியிருக்கிறதா?

நினைவகம் எனும் மேசை

பினாங்கில் நாம் அடிக்கடி காணும் நாசி கண்டார் கடை ஒன்றை எண்ணிப் பாருங்கள். கடையில் எட்டு மேசைகள் உள்ளன. வீட்டில் இருக்கும் வாடிக்கையாளருக்கு யாரும் பரிமாற முடியாது. அவர் கடைக்கு வந்து மேசையில் அமர்ந்தால்தான் பணியாளர் அவரைக் கவனிப்பார்.

கணினியிலும் இதே ஏற்பாடுதான். நாம் நிறுவும் நிரல்களும் சேமிக்கும் கோப்புகளும் வன்தட்டில் இருக்கின்றன. வன்தட்டு, வாடிக்கையாளரின் வீடு போன்றது. ஒரு நிரலைத் திறந்ததும் அது வன்தட்டிலிருந்து நினைவகத்துக்கு வருகிறது. நினைவகமே கடையின் மேசை. செயலகம் எனப்படும் மூளைப்பகுதி அக்கடையின் பணியாளர். மேசைக்கு வந்த நிரலை மட்டுமே அது கவனிக்கும்.

கணினி மெதுவாக இயங்கினால், நிழற்படங்களையும் பாடல்களையும் அழித்துவிட்டால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். வன்தட்டு ஏறக்குறைய முழுவதும் நிரம்பியிருந்தால் அது ஓரளவு உதவும். ஆனால், வன்தட்டில் பாதி இடம் காலியாக இருக்கும்போது படங்களை அழிப்பதால் நினைவகம் கூடாது. வாடிக்கையாளரின் வீட்டைப் பெரிதாக்குவதால் கடையில் மேசை கூடுமா?

பினாங்கும் நினைவகச் சில்லும்

இன்றைய கணினிகளில் உள்ள நினைவக வகையை ஐபிஎம் நிறுவனத்தின் பொறியியலாளர் ராபர்ட் டென்னார்டு கண்டுபிடித்தார். அதற்கான காப்புரிமை 1968ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. ஒவ்வொரு தகவல் துணுக்கும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னேற்றமாகத் தங்குகிறது. அந்த மின்னேற்றம் மெல்லக் கசிந்துவிடும் என்பதால், நினைவகம் அதை ஒரு வினாடிக்குள் பலமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. மின்சாரம் நின்றால் எல்லாம் மறைந்துவிடும். சேமிக்காத இடுபணி மின்வெட்டின்போது காணாமல் போவது இதனால்தான்.

அதே 1968ஆம் ஆண்டில், நினைவகச் சில்லுகளைச் செய்யும் நோக்கத்துடன் அமெரிக்காவில் இன்டெல் நிறுவனம் தொடங்கப்பட்டது. அது 1970இல் வெளியிட்ட 1103 என்னும் சில்லில் 1,024 துணுக்குகள், அதாவது 128 பைட் தகவல் அடங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1972இல், அந்நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கின் பாயான் லெப்பாசில் நிறுவியது. அங்கு உருவான தடையிலா வணிக வட்டாரத்தில் மேலும் பல மின்னியல் நிறுவனங்கள் வந்து சேர்ந்தன. நெல்வயல்கள் இருந்த நிலப்பகுதி, உலகக் கணினித் தொழிலின் ஒரு பகுதியாயிற்று.

அந்த 128 பைட் எவ்வளவு சிறியது என்பதைத் தமிழைக் கொண்டே அளந்து பார்க்கலாம். இணையத்தில் பரவலாக உள்ள யுனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டைச் சேமிக்க 3 பைட் வேண்டும். ‘அம்மா’ என்னும் சொல்லில் அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என ஐந்து குறியீடுகள் உள்ளன. ஆகவே, அச்சொல்லுக்கு 15 பைட் தேவை. அந்தக் கணக்கில், 1970ஆம் ஆண்டுச் சில்லில் சிறு சொற்கள் எட்டு மட்டுமே அடங்கும். நம் மாணவியின் ‘பழைய’ மடிக்கணினியிலோ 4 கிகாபைட் நினைவகம் இருக்கிறது. அது அத்தகைய 33 மில்லியனுக்கும் மேற்பட்ட சில்லுகளுக்கு ஈடாகும்! இந்தப் பாடப்பகுதியின் எழுத்துகள் முழுவதையும் அதில் இட்டாலும், ஆயிரத்தில் ஒரு பங்கு இடம்கூட நிரம்பாது.

அப்படியானால் இவ்வளவு பெரிய இடம் எங்கே போகிறது?

எழுந்து செல்லாத வாடிக்கையாளர்கள்

நாசி கண்டார் கடைக்கே திரும்புவோம். சாப்பிட்டு முடித்த சிலர் எழுந்து செல்லாமல், ஒரு குவளைத் தே தாரிக்கை முன்னால் வைத்துக்கொண்டு திறன்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் எதையும் கேட்பதில்லை. ஆயினும், மேசை அவர்களுடையதாகவே இருக்கிறது.

கணினியிலும் இப்படிச் சில நிரல்கள் உள்ளன. அவற்றைப் பின்னணி நிரல்கள் என்கிறோம். நாம் திறக்காமலேயே அவை கணினியுடன் சேர்ந்து எழுந்துவிடுகின்றன. திரையில் சாளரம் இல்லாததால் அவை நம் கண்ணில் படுவதில்லை. உரையாடல் செயலி, புதிய செய்தி வருகிறதா எனக் காத்திருக்கிறது. இசைச் செயலி, நாம் அழைத்தவுடன் விரைந்து வருவதற்காக முன்கூட்டியே அமர்ந்துகொள்கிறது. விளையாட்டு நிரல், புதிய பதிப்பு உண்டா எனத் தேடுகிறது. மேகச் சேமிப்புச் செயலி, கோப்புகளை இணையத்துடன் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அச்சுப்பொறியுடன் வந்த நிரல், மையின் அளவைக் கண்காணிக்கிறது. சில உலாவிகள், நாம் மூடிய பின்னரும் பின்னணியில் விழித்திருக்கின்றன.

இவற்றுள் எதுவும் தீங்கு செய்வதற்காக எழுதப்பட்டதன்று. ஒவ்வொன்றும் சிறிதளவு இடத்தையே கேட்கிறது. ஆனால், ஒரு நிரலை எழுதுபவர் தம் நிரலை மட்டுமே எண்ணுகிறார். பத்து நிரல்கள் ஒரே கணினியில் சேர்ந்தமரும்போது எழும் நெருக்கடியை, அக்கணினியைப் பயன்படுத்துபவரே தாங்க வேண்டியிருக்கிறது.

மென்பொருள்களின் எதிர்பார்ப்பும் ஆண்டுதோறும் வளர்ந்துள்ளது. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 இயங்குதளத்துக்குக் குறைந்தது 4 மெகாபைட் நினைவகம் போதுமானதாக இருந்தது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 குறைந்தது 4 கிகாபைட் கேட்கிறது. அதாவது, 26 ஆண்டுகளில் 1,024 மடங்கு! பழைய கணினியின் மேசைகள் குறையவில்லை; வருவோர் பெருத்துவிட்டனர்.

மேசை நிரம்பினால் என்ன நடக்கும்?

மேசைகள் அனைத்தும் நிரம்பிய பின் புதிய வாடிக்கையாளர் வந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? உண்டு முடித்த ஒருவரை அஞ்சடியில் போட்ட நாற்காலிக்கு மாற்றிவிட்டு, புதியவரை உள்ளே அமர்த்துவார். வெளியே இருப்பவருக்கு ஏதேனும் தேவைப்பட்டால், அவரை உள்ளே அழைத்து, உள்ளே இருக்கும் வேறொருவரை வெளியே அனுப்ப வேண்டும்.

நினைவகம் நிரம்பும்போது இயங்குதளமும் இதைத்தான் செய்கிறது. நினைவகத்தில் உள்ளவற்றுள் சிலவற்றை வன்தட்டின் ஓர் ஓரத்துக்கு மாற்றுகிறது. தேவைப்படும்போது மீண்டும் கொண்டுவருகிறது. இதனால் கணினி நின்றுவிடாமல் இயங்குகிறது. ஆனால், அதற்கு நாம் கொடுக்கும் விலை நேரம்.

நினைவகத்திலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோவினாடி ஆகும். சுழலும் வன்தட்டில் அதைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லிவினாடி ஆகும். இரண்டுமே நமக்குக் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவுதான். எனினும், பின்னது முன்னதைவிட 100,000 மடங்கு நீண்டது. நினைவகத்திலிருந்து எடுப்பதற்கு ஒரு வினாடி ஆகிறது என வைத்துக்கொண்டால், வன்தட்டிலிருந்து எடுப்பதற்கு ஒரு நாளுக்கும் மேலாகும். மாணவியின் எழுத்துகள் திரைக்கு வராமல் தாமதித்தது இக்காரணத்தால்தான். கணினியின் செயலகம் களைத்துப்போகவில்லை; வெளியே போனவர் உள்ளே வரும்வரை அது காத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் கண்டறிவோம்

மருத்துவர் நோயறிந்த பின்னரே மருந்து தருவார். நாமும் முதலில் நினைவகத்தில் அமர்ந்திருப்பவை எவை எனப் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். இதைப் பணி மேலாளர் எனலாம். அதில் ‘மெமரி’ என்னும் தலைப்பைச் சொடுக்கினால், அதிக இடம் பிடித்திருக்கும் நிரல் முதலில் வரும்படி பட்டியல் மாறும். எல்லாச் செயலிகளையும் மூடிவிட்டு ஒருமுறையும், வழக்கமாகப் பயன்படுத்துவனவற்றைத் திறந்துவைத்து ஒருமுறையும் பாருங்கள். இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, நம் மாணவியின் கணினியில் உள்ள 4,096 மெகாபைட் பின்வருமாறு செலவாகிறது எனக் கொள்வோம். இயங்குதளம் 1,900, நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் 200, அண்ணன் நிறுவிய விளையாட்டு நிரல் 250, உரையாடல் செயலிகள் இரண்டும் சேர்ந்து 400, இசைச் செயலி 200, மேகச் சேமிப்பு 150, அச்சுப்பொறிக் கண்காணிப்பு 50. மொத்தம் 3,150 மெகாபைட். அவள் எதையும் திறக்கும் முன்னரே, மீதமிருப்பது 946 மெகாபைட் மட்டுமே. இடுபணிக்காக உலாவியில் 12 தாவல்களைத் திறக்கிறாள். தாவலுக்கு 100 மெகாபைட் என்றாலும் 1,200 ஆகிறது. மேசை போதவில்லை, அஞ்சடிக்கு அனுப்பும் வேலை தொடங்கிவிடுகிறது.

பின்னர்க் காலி செய்வோம்

பணி மேலாளரில் ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ என்பதைச் சொடுக்கினால் அது உடனே மூடப்படும். சேமிக்காத வேலை அதனுடன் அழிந்துவிடும் என்பதால், முதலில் சேமித்துக்கொள்ள வேண்டும். இது தற்காலிகத் தீர்வுதான். கணினியை மறுமுறை இயக்கும்போது அந்நிரல் மீண்டும் வந்து அமர்ந்துவிடும்.

நிலையான தீர்வுக்கு, அதே பணி மேலாளரில் உள்ள ‘ஸ்டார்ட்அப்’ பகுதிக்குச் செல்ல வேண்டும். கணினியுடன் சேர்ந்து தாமாக எழும் நிரல்களின் பட்டியல் அங்கே இருக்கும். தேவையற்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்து ‘டிசேபிள்’ என்பதைச் சொடுக்குங்கள். அந்நிரல் அழிந்துவிடாது. நாம் அழைக்கும்போது மட்டுமே வரும், அவ்வளவுதான். தவறாக ஒன்றை நிறுத்திவிட்டாலும், அதே இடத்தில் மீண்டும் இயக்கிவிடலாம். ஒரே நாளில் பத்தையும் நிறுத்தாமல், ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது நல்லது. எதை நிறுத்தியதால் என்ன மாறியது என்பது அப்போதுதான் தெரியும்.

மூன்றாவதாக, ஓராண்டாகத் தொடாத நிரல்களை முறைப்படி நீக்கிவிடலாம். அண்ணன் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பின் அவருடைய விளையாட்டு நிரலுக்கு இங்கே என்ன வேலை? ஆனால், நீக்குவதற்கு முன் உரியவரிடம் கேட்பது முறை.

நான்காவதாக, உலாவியைக் கவனிக்க வேண்டும். இன்றைய உலாவிகள் பெரும்பாலும் ஒவ்வொரு தாவலையும் தனித்தனி நிரலைப் போல இயக்குகின்றன. ஒரு தாவல் முடங்கினாலும் மற்றவை தப்பிப்பதற்காக இந்த ஏற்பாடு. இதனால் நினைவகச் செலவு கூடுகிறது. பிறகு படிக்க வேண்டிய பக்கங்களைத் திறந்தே வைக்காமல், குறித்துவைத்துவிட்டு மூடிவிடலாம். பயன்படாத தாவல்களைத் தூங்கவைக்கும் வசதி குரோம், எட்ஜ் ஆகிய உலாவிகளிலேயே உண்டு. உலாவியை மூடிய பின்னும் அது பின்னணியில் இயங்குவதை நிறுத்தும் தெரிவும் அவற்றின் அமைப்புகளில் இருக்கிறது.

ஐந்தாவதாக, வாரத்துக்கு ஒருமுறையேனும் கணினியை ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். பல விண்டோஸ் கணினிகளில், விரைவாகத் தொடங்குவதற்காக, அணைக்கும்போது இயங்குதளத்தின் ஒரு பகுதி அப்படியே வன்தட்டில் சேமித்துவைக்கப்படுகிறது. ஆகவே, அணைத்து இயக்குவது முழுமையான புதிய தொடக்கம் ஆகாது. மறுதொடக்கமே அதைத் தரும்.

நம் மாணவி விளையாட்டு, உரையாடல், இசை, மேகச் சேமிப்பு, அச்சுப்பொறிக் கண்காணிப்பு ஆகியவற்றைத் தொடக்கப் பட்டியலில் நிறுத்துகிறாள். 1,050 மெகாபைட் மீள்கிறது. முன்பிருந்த 946 இப்போது 1,996 ஆகிறது. 12 தாவல்களும் ஆவணமும் ஒன்றாக அமர இடம் கிடைத்துவிட்டது.

கைவைக்கக் கூடாதவை

காலி செய்யும் ஆர்வத்தில் கடையின் காவலரையே வெளியே அனுப்பிவிடக் கூடாது. நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் 200 மெகாபைட் எடுத்தாலும் அது இருக்கத்தான் வேண்டும். ஒலி, தொடுதளம், திரை ஆகியவற்றை இயக்கும் நிரல்களையும், இயங்குதளத்துக்கு உரியவற்றையும் அப்படியே விட்டுவிட வேண்டும். பெயர் புரியாத நிரலைக் கண்டால், அது என்னவென்று தெரிந்துகொள்ளும்வரை தொடாதீர்கள். கணினி ஆசிரியரிடம் கேட்கலாம்.

ஒரே சொடுக்கில் நினைவகத்தைப் பெருக்கித் தருவதாகக் கூறும் மென்பொருள்களை நம்பி நிறுவ வேண்டாம். மேசையைக் காலி செய்ய வந்தவரே ஒரு மேசையைப் பிடித்துக்கொள்வார். போலிகள் சில, தகவலைத் திருடவும் கூடும்.

மேலும், நினைவகம் பாதி நிரம்பியிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அண்மையில் பயன்படுத்தியவற்றை, காலியாக உள்ள இடத்தில் இயங்குதளம் வைத்திருக்கும். தேவை எழுந்தால் அதை விட்டுக்கொடுத்துவிடும். மேசை எப்போதும் வெறுமையாக இருப்பது கடையின் நோக்கமன்று. நினைவகம் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டி, வன்தட்டும் ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

எல்லையும் பயனும்

எல்லாக் குறைகளையும் இம்முறையால் தீர்த்துவிட முடியாது. காணொலி தொகுப்பது போன்ற பெரிய வேலைக்கு 4 கிகாபைட் போதாது. அப்போது கூடுதல் நினைவகம் பொருத்த முடியுமா எனக் கடையில் கேட்கலாம். சுழலும் வன்தட்டுக்குப் பதிலாகத் திடநிலைத் தட்டைப் பொருத்தினால், அஞ்சடிக்குச் சென்று வரும் நேரம் பெரிதும் குறையும். இவ்விரண்டுக்கும் ஆகும் செலவு பொதுவாகப் புதிய மடிக்கணினியின் விலையைவிடக் குறைவு.

பாதுகாப்பையும் மறக்கக் கூடாது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாத கணினியை, பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாமல் இணையத்தில் பயன்படுத்துவது ஆபத்து. லுபுண்டு போன்ற, இலவசமாகக் கிடைக்கும் எளிய லினக்ஸ் இயங்குதளங்கள் அத்தகைய கணினிகளுக்கு ஒரு மாற்றுவழி. இதைப் பெரியவர்கள் துணையுடன், கோப்புகளைப் படியெடுத்து வைத்த பின்னரே செய்ய வேண்டும்.

ஒரு கணினி கூடுதலாக இரண்டு ஆண்டுகள் உழைத்தால், குடும்பத்துக்குப் பணம் மிச்சம், மண்ணுக்கும் நன்மை. நம் நாட்டில் மின்னியல் கழிவு, 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி தனிக் கவனத்துடன் அகற்ற வேண்டிய அட்டவணைக் கழிவாகும். ஒரு கருவியைப் பழையது என்று எறிவது எளிது. அது ஏன் திணறுகிறது என ஆராய்ந்து பார்ப்பவர், கருவியைக் காப்பதுடன் அதன் இயக்கத்தையும் கற்றுக்கொள்கிறார்.

மறுநாள் காலை, வேலை முடிந்து அப்பா வீடு திரும்புகிறார். இடுபணி முடிந்து கோப்பில் இருக்கிறது.

“என்னம்மா, கணினி சரியாகிவிட்டதா?”

“அது பழுதாகவே இல்லை அப்பா. வேண்டாதவர்கள்தாம் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனஸ் வந்தால் நினைவகம் மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.”

சிந்தித்து விடையளிப்போம்

1. வன்தட்டில் உள்ள படங்களை அழிப்பதால் நினைவகம் கூடாது. ஏன்?
2. ‘எண்ட் டாஸ்க்’, ‘டிசேபிள்’ ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள ஒரு கணினியின் தொடக்கப் பட்டியலை, பொறுப்பாளரின் அனுமதியுடன் பார்வையிடுக. எவற்றை நிறுத்தலாம், எவற்றை நிறுத்தக் கூடாது எனக் காரணத்துடன் எழுதுக.